அம்மாச்சியின் மெஷின் எத்தனை ஆம்பியர்?

காலை 7 முதல் 9. நண்பகல் 12 முதல் 2. மாலை 5 முதல் 7. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா முகாம்களில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி உள்ள நேரம் இவ்வளவுதான். நாளைக்கு ஆறு மணி நேரம், அதுவும் மூன்று துண்டுகளாக. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை சத்தமே கூடாது. அந்த முகாம்களில் வண்டிக்கு மின் இணைப்பும் கிடையாது. கொண்டுபோகும் பேட்டரியை வைத்துத்தான் இரவைத் தள்ளவேண்டும். தீர்ந்துபோனால், கொண்டுபோகும் ஜெனரேட்டரால் அந்த ஆறு மணி நேரத்துக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

காட்டுக்குப் போய் மூன்று ராத்திரி தங்குபவர்களுக்கு கரன்ட் எதற்கு என்று தோன்றலாம். திண்டுக்கல்லிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த அந்த அம்மாவுக்குத் தேவை இருந்தது. அவருக்கு வயது 66. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். சில நொடிகள் மூச்சே வராது. பிறகு திணறி விழித்து, மறுபடி தூங்கி, மறுபடி அடைக்கும். ஸ்லீப் ஆப்னியா என்று மருத்துவர்கள் சொல்லும் கோளாறு. இரண்டு வருடங்களுக்கு முன்னால் மதுரையில் ஒரு ராத்திரி முழுக்க ஒயர்களை ஒட்டித் தூங்கவைத்துச் சோதித்துவிட்டு, சி-பாப் மெஷின் எழுதிக்கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டால், மெஷின் அறையிலிருக்கும் காற்றை இழுத்து லேசான அழுத்தத்தில் உள்ளே அனுப்பி, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றுக்கும் இது முக்கியம், ஒரு ராத்திரிகூட விடாதீர்கள் என்பது டாக்டரின் கண்டிப்பு.

அவருக்கு அந்த மெஷின்மேல் ஒரு கூச்சம் உண்டு. உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனால் ராத்திரி தங்குவதையே நிறுத்திவிட்டார். “யானைக்குத் தும்பிக்கை மாட்டின மாதிரி அதை மாட்டிக்கிட்டு அடுத்தவங்க வீட்ல படுக்கவா?” என்பார். சாக்ரமென்டோவில் இருக்கும் மகள், அக்டோபரில் யோசெமிட்டிக்குப் போகலாம் என்றதும் அவர் முதலில் சொன்னதும் இதைத்தான். “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கடி. நான் வீட்ல இருக்கேன். என்னால எல்லாருக்கும் தொந்தரவு.”

பேத்திதான் பிடிவாதம் பிடித்து சம்மதிக்க வைத்தாள். பதினொரு வயது. “அம்மாச்சி வரலைன்னா நானும் வரலை.”

மருமகன் அந்த வருடம்தான் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தார். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் 20 அடி வீடு. இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு, கழிவறை, கேஸில் எரியும் ஹீட்டர். முன்பக்கக் கொக்கிமேல் ஒரு பெட்டியில் இரண்டு பேட்டரிகள். ஒவ்வொன்றும் 6 வோல்ட். தொடராக இணைத்து 12 வோல்ட். கொள்ளளவு 220 ஆம்பியர்-மணி. கோல்ஃப் மைதான வண்டிகளில் வரும் டீப் சைக்கிள் வகை. கூடவே 2,000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று, சூட்கேஸ் அளவில், கைப்பிடியோடு.

மாமனாருக்கு இதையெல்லாம் பார்த்ததும் கை துறுதுறுத்தது. அவர் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 31 வருடம் பேட்டரிக் கடை நடத்தியவர். லாரி பேட்டரியில் ஆரம்பித்து, இன்வெர்ட்டர் பேட்டரியில் முடித்தவர். கடையை விற்றாலும் பழக்கம் விடவில்லை. அமெரிக்கா வந்த பெட்டியில் வேட்டிக்கும் இட்லிப் பொடிக்கும் நடுவே ஒரு டி.சி. கிளாம்ப் மீட்டர் இருந்தது. ஆனால் வண்டி மருமகனுடையது. மருமகன் கம்ப்யூட்டர் படித்தவர், வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் கற்றுவைத்திருந்தார். மாமனார் வாய் திறந்தால் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று பெரியவர் இரண்டு வாரமாகப் பேட்டரிப் பெட்டியைத் தூர நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மாலை

வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஏறி, அப்பர் பைன்ஸ் முகாமை அடைந்தபோது மாலை 6 ஆகிவிட்டது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிடச் சற்றுக் குறைவான உயரம்தான். ஆனால் அக்டோபர் ராத்திரியின் குளிருக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும் சம்பந்தமில்லை. பொழுது சாய்ந்ததுமே மூச்சு புகையாக வந்தது.

ஜெனரேட்டர் ஓட்ட மிச்சமிருந்தது ஒரு மணி நேரம். மருமகன் அவசரமாக அதை இறக்கி, டிரெய்லரின் ஓரத்தில் வைத்தார். ஜெனரேட்டரில் 12 வோல்ட் டி.சி. சாக்கெட் ஒன்று உண்டு. அதோடு வந்த ஒயரின் முனையில் சிவப்பும் கறுப்பும் கிளிப். இரண்டையும் பேட்டரியில் கவ்வவிட்டு ஸ்டார்ட் செய்தார். ஒயர் குட்டை என்பதால் ஜெனரேட்டர் டிரெய்லரை ஒட்டியே நின்றது. மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், முன்பக்கப் படுக்கையின் ஜன்னல். காற்றுக்காக அம்மாச்சி அதைக் கொஞ்சம் திறந்துவைத்து, களைப்பில் படுத்திருந்தார்.

“பேட்டரி ஏத்தறதுக்குன்னே தனி சாக்கெட் கொடுத்திருக்கான் மாமா, பாருங்க” என்றார் மருமகன்.

“ம்… நல்லதுதான் மாப்பிள்ளை” என்றார் மாமனார். சொல்லவந்தது வேறு. விழுங்கிக்கொண்டார்.

ஏழு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. அம்மாச்சி தலைவலிக்கிறது என்றார். மலைப்பாதை என்றாள் மகள். தயிர் சாதம் சாப்பிட்டு, சாப்பிட்ட பாத்திரங்களையும் மிச்ச உணவையும் கரடி வாய் வைக்காதபடி பூட்டிவைத்து, ஹீட்டரை 22 டிகிரியில் வைத்து, எல்லாரும் ஒன்பது மணிக்கே படுத்தார்கள்.

நடு ராத்திரி

பேட்டரியின் நிலையைக் காட்ட டிரெய்லரின் சுவரில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு. அம்மாச்சியின் படுக்கைக்கு நேரே. படுக்கும்போது மூன்று எரிந்தன. ஒரு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தபோது இரண்டுதான் எரிந்தன. ஒன்று லேசாக மங்கியது.

அவர் சுற்றிலும் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது என்னவோ அவருடைய மெஷின்தான். மற்ற எல்லாரும் தூங்குகிறார்கள், விளக்கு இல்லை, டி.வி. இல்லை. பேத்தி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். பேட்டரி தீர்ந்தால் ஹீட்டர் நின்றுவிடும், குழந்தை குளிரில் விறைத்துப் போகும். அவர் மாஸ்க்கைக் கழற்றி, மெஷினை அணைத்து, தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே சாய்ந்துகொண்டார். உட்கார்ந்து தூங்கினால் மூச்சு அவ்வளவாக அடைக்காது என்பது அவர் கணக்கு.

விடிகாலையில் பெரியவர் விழித்தது சத்தத்தால் அல்ல, சத்தம் நின்றதால். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவர் ராத்திரி ராத்திரி கேட்ட அதே வரிசை: குறட்டை, திடீர் அமைதி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவைக்கும் அமைதி, பிறகு ஒரு பெரிய திணறல். எழுந்து தோளைத் தொட்டார்.

“மாஸ்க் எங்கம்மா?”

“கழட்டி வச்சிட்டேங்க. பேட்டரி பூராத்தையும் அதுதான் குடிக்குது. பிள்ளைக்குக் குளிரும்ல.”

பெரியவர் பதில் சொல்லவில்லை. மெஷினை எடுத்து மாட்டிவிட்டு, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு மருமகன் ஜெனரேட்டரைத் தூக்கி அதே இடத்தில் வைக்கப் போனபோது, அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.

“மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. அங்க வைக்க வேண்டாம்.”

முதலில் இடம், பிறகு ஒயர்

மாமனார் முதலில் பேசியது பேட்டரியைப் பற்றி அல்ல, புகையைப் பற்றி. ஜெனரேட்டர் கக்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் அறிகுறி பெரும்பாலும் தலைவலி, மயக்கம், குமட்டல். தூங்குகிறவர்களுக்கு அந்த அறிகுறிகூடத் தெரியாது. ஜெனரேட்டரை அறைக்குள்ளோ ஜன்னலடியிலோ ஓடவிட்டுத் தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றிய செய்தி நம் ஊர் பேப்பர்களிலும் வருவதுண்டு. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் இடைவெளி குறைந்தது 20 அடி. புகைபோக்கி வீட்டைப் பார்த்து இருக்கக்கூடாது.

“உள்ளே அலாரம் இருக்கே மாமா. நேத்து அடிக்கலையே?”

“இருக்கு. ஆனா கொஞ்சமா வந்தா அது உடனே அடிக்காது மாப்பிள்ளை. எவ்வளவு புகை, எவ்வளவு நேரம்னு ரெண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடிக்கும். இன்னொண்ணு, அந்த அலாரத்துக்கே கரன்ட் இந்த பேட்டரியிலேர்ந்துதான் போகுது. பேட்டரி செத்தா அலாரமும் செத்துச்சு.”

முந்தின நாள் தலைவலி மலைப்பாதையால் வந்ததாகவே இருக்கலாம். ஆனால் மருமகன் ஜன்னலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் மெஷின் அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. அதில் இருப்பது தூசி வடிகட்டி மட்டுமே, இந்த வாயுவை அது வடிகட்டாது. மேற்கொண்டு பேசாமல் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காற்று வீசும் திசையைப் பார்த்து, புகை டிரெய்லர் பக்கமும் அடுத்த கூடாரத்துப் பக்கமும் போகாத இடமாக வைத்தார்.

இப்போது அந்தக் குட்டை ஒயர் எட்டாது. “எட்ட வேண்டாம்” என்றார் மாமனார். “அது உதவாது.”

ஜெனரேட்டரின் டி.சி. சாக்கெட் தருவது 8 ஆம்பியர் மட்டுமே. முந்தின மாலை ஒரு மணி நேரம் ஓட்டியதில் ஏறியது 8 ஆம்பியர்-மணி. 220-இல் அது சோற்றுப் பானைக்கு ஒரு கரண்டி. ஆறு மணி நேரமும் ஓட்டினாலும் 50-ஐத் தாண்டாது. டிரெய்லருக்கு என்று தடிமனான மின் கேபிள் ஒன்று இருக்கிறது, 25 அடி. வீட்டில் நிறுத்தியிருக்கும்போது சுவர் சாக்கெட்டில் செருகுவது. அதன் மறுமுனையில், வண்டிக்குள், 45 ஆம்பியர் சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு அடாப்டரை மாட்டி, அந்தக் கேபிளை ஜெனரேட்டரின் சாதாரண 120 வோல்ட் சாக்கெட்டில் செருகினால், ஜெனரேட்டர் கொடுக்கும் மின்சாரத்தை அந்தச் சார்ஜர் முழு வேகத்தில் பேட்டரிக்கு மாற்றும்.

அப்படியே செய்தார்கள். ஜெனரேட்டரின் முனகல் ஒரு படி உயர்ந்தது. பெரியவர் தன் கிளாம்ப் மீட்டரின் கொடுக்கை பேட்டரி ஒயரைச் சுற்றிக் கவ்வவைத்தார். 41 ஆம்பியர். பேத்தி கைதட்டினாள். தூரம் வைப்பதற்கும் வேகமாக ஏற்றுவதற்கும் ஒரே கேபிள் போதுமாக இருந்தது.

பந்தியும் பேட்டரியும்

எட்டு மணிக்குப் பேத்தி மீட்டரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “தாத்தா, 30 தான் காட்டுது. ஜெனரேட்டர் டயர்டு ஆயிடுச்சா?” ஒன்பது மணிக்கு நிறுத்தும்போது 22.

“ஜெனரேட்டர் டயர்டு ஆகலைடா. பேட்டரிக்குப் பசி அடங்குது” என்றார் தாத்தா. “கல்யாணப் பந்தியில பார்த்திருக்கியா? முதல் சோறு போட்டதும் கடகடன்னு போயிடும். சாம்பார், ரசம் தாண்டிட்டா மெதுவாத்தான் இறங்கும். பாயசம் வரும்போது ஒவ்வொரு வாயா. பரிமாறுறவன் அவசரப்பட்டா சாப்பிடுறவன் வயித்துக்குள்ள போயிடுமா?”

ஈய-அமில பேட்டரி அப்படித்தான். காலியாக இருக்கும்போது கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டால், உள்ளே தகடுகளில் நடக்கும் ரசாயன மாற்றத்தின் வேகத்துக்குமேல் வாங்காது. கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும். சார்ஜரைப் பெரிதாக வாங்குவதாலோ ஜெனரேட்டரைப் பெரிதாக வாங்குவதாலோ அந்தக் கடைசிப் பகுதியைச் சுருக்க முடியாது.

டீப் சைக்கிள் என்ற பெயருக்கும் அர்த்தம் இதோடு சேர்ந்ததுதான். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு ஓய்வெடுக்கும். அதை ராத்திரி முழுக்க விளக்கெரிக்கப் பயன்படுத்தினால் சில மாதங்களில் கதை முடிந்துவிடும். டீப் சைக்கிளில் தகடு தடிமன். கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட நேரம் கொடுப்பதற்காகவே செய்தது. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி அதற்குப் பங்காளி. ஆனால் அதுவும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் ஆயுள் குறையும். 220 என்றால் கையில் இருப்பது 110 என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும். ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1, 12.2 என்றால் பாதி. அன்று காலை ஜெனரேட்டரை ஓட்டுவதற்கு முன் பெரியவர் பார்த்தபோது காட்டியது 12.1.

இந்தப் பாடத்தை அவர் படித்தது 2012-இல். சென்னைக்கு வெளியே தமிழ்நாடு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் கிடந்த வருடம். ஒரு மணி நேரம் கரன்ட், ஒரு மணி நேரம் கட் என்று மாறி மாறி வந்த நாட்கள். அவர் கடையில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்றதைப்போல அதற்கு முன்னும் விற்கவில்லை, பின்னும் விற்கவில்லை. ஆனால் ஒரு வருடம் ஆவதற்குள் அதே ஆட்கள் ஆட்டோவில் பேட்டரியை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். “அண்ணே, புது பேட்டரி, பேக்கப்பே நிக்கலை.” மூடியைத் திறந்தால் தகடெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். ஒரு மணி நேரம் வரும் கரன்ட்டில் பேட்டரி என்றைக்குமே நிறையவில்லை. பாதி வயிற்றோடு மறுபடி வேலைக்குப் போனது. நிறையாமல் கிடக்கும் பேட்டரியில் ஈய சல்பேட் படிகமாக இறுகி, அந்த இடம் மறுபடி வேலைக்கு ஆகாது. பலர் அவரைத்தான் திட்டினார்கள். கம்பெனி மாற்றித் தராத பேட்டரிகளுக்குத் தன் கைக்காசில் பாதி விலை குறைத்து மாற்றிக் கொடுத்தார். யோசெமிட்டியின் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேர இடைவெளி, மறுபடி இரண்டு மணி நேரம் என்ற பலகையைப் பார்த்ததும் அவருக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வந்தது.

யார் குடித்தது?

பிறகு அவர் பேத்தியைக் கூப்பிட்டு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார். ஜெனரேட்டர் நின்றுவிட்ட நேரம். டிரெய்லருக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போடச்சொல்லி, வெளியே பேட்டரி ஒயரில் மீட்டரை வைத்துப் படித்தார். பேத்தி எழுதினாள்.

எல்லாம் அணைத்திருந்தாலும், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல், அலாரம் போன்றவை சேர்ந்து: 1.3 ஆம்பியர். உள் விளக்குகள் அத்தனையும்: 1.6. தண்ணீர் மோட்டார்: 6, ஆனால் குழாய் திறக்கும்போது மட்டும். அடுத்து அம்மாச்சியின் மெஷின். முந்தின ராத்திரி ஓடியதுபோலவே, இன்வெர்ட்டர் வழியாக, காற்றை ஈரமாக்கும் சூட்டுத் தட்டோடு: 4.6.

அம்மாச்சி அடுப்பருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நான்தான் சொன்னேன்ல” என்றார்.

“இரு” என்றார் பெரியவர். “ஹீட்டரைப் போடு பாப்பா.”

ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது. ஆனால் சூடான காற்றை அறைக்குள் தள்ள ஒரு மின்விசிறி இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மீட்டர் காட்டியது 7.4.

22 டிகிரியில் வைத்திருந்ததால் அந்த விசிறி ராத்திரி பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடியிருக்கும். கிட்டத்தட்ட 60 ஆம்பியர்-மணி. அம்மாச்சியின் மெஷின் அணைப்பதற்கு முன் மூன்று, நான்கு மணி நேரத்தில் எடுத்தது 15-க்கும் சற்று மேல். பேத்தி இரண்டு எண்களையும் வட்டம் போட்டு, அம்மாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் நோட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். “அப்ப நான் இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். ஹீட்டரை 22-இல் வைத்தது அவர். மாமியாருக்குக் குளிரக்கூடாது என்று நினைத்துத்தான் வைத்தார். “அத்தை, நீங்க ராத்திரி என்னை எழுப்பியிருக்கலாமே” என்றார். அதற்கு அம்மாச்சி, “பாவம், நீங்க அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தீங்க மாப்பிள்ளை” என்றார்.

மெஷினின் செலவையும் குறைக்க வழி இருந்தது. அந்த மெஷினுக்கு வேண்டியது 24 வோல்ட் டி.சி. பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 120 ஆக்கி, மெஷினின் அடாப்டர் அதை மறுபடி 24-க்கு இறக்குகிறது. ஏற்றி இறக்குவதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடாகி வீணாகிறது. 12-இலிருந்து நேரே 24-க்கு மாற்றும் ஒயர் தனியாக விற்கிறார்கள். மகள் வாங்கி, பையிலேயே வைத்திருந்தாள், பிரிக்கவே இல்லை. அதை மாட்டி, ஈரமாக்கும் தட்டை அணைத்ததும் மீட்டர் 1.5-க்கு இறங்கியது. விடிய விடிய ஓடினாலும் 12 ஆம்பியர்-மணிதான். ஈரம் இல்லாவிட்டால் மூக்கு கொஞ்சம் காயும், மூன்று ராத்திரிக்குப் பரவாயில்லை என்றார் அம்மாச்சி.

நண்பகலில் ஒரு முடிவு

பன்னிரண்டு மணிக்கு மருமகன் ஜெனரேட்டரிடம் போனார். அடுத்த இடத்தில் ஒரு கூடாரம். அதன் வாசலில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டு, தட்டித் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். விதிப்படி ஓட்டலாம். மருமகன் மாமனாரைப் பார்த்தார்.

பெரியவர் யோசித்தார். காலையில் இரண்டு மணி நேரத்தில் 60 ஆம்பியர்-மணிக்கு மேல் போயிருக்கிறது. இப்போது பேட்டரி பாதி நிறைந்த வயிறு. ஒரு மணி நேரத்துக்கு 20 கூட வாங்குமா என்பது சந்தேகம். அதே பெட்ரோல், அதே சத்தம், பலன் மூன்றில் ஒரு பங்கு. “விடுங்க மாப்பிள்ளை. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஓட்டிக்குவோம். ஹீட்டரைக் குறைச்சா போதும்.”

எல்லாரும் எல் கேப்பிட்டன் பாறையைப் பார்க்கப் போனார்கள். பள்ளத்தாக்குத் தரையிலிருந்து 3,000 அடி செங்குத்தாக நிற்கும் கருங்கல். அதன் நடுவில் எறும்பு மாதிரி இரண்டு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பாறையிலேயே தொட்டில் கட்டி ராத்திரி தூங்குவார்கள் என்று பேத்தி சொன்னதும், அம்மாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவங்களுக்கு மட்டும் மெஷின் தேவைப்பட்டா என்ன பண்ணுவாங்க?” தன் மெஷினை வைத்து அவர் ஜோக் அடித்து வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அன்றிரவு ஹீட்டர் 16 டிகிரியில் நின்றது. ஆளுக்கு இரண்டு கம்பளி, காலுக்கு சாக்ஸ், பேத்திக்கு வெந்நீர் ஊற்றிய ரப்பர் பை. அம்மாச்சி பத்து மணிக்கு மாஸ்க் மாட்டினார், ஆறரைக்குத்தான் கழற்றினார். காலையில் பேட்டரி 12.2. பாதிக்குச் சற்று மேலேயே நின்றது.

வீடு திரும்பியதும் மருமகன் டிரெய்லரை ஓரம்கட்டிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். மாமனார் விடவில்லை. மூன்று நாள் பாதி வயிற்றோடு ஓடிய பேட்டரியை அப்படியே போட்டால், வெள்ளை பூக்க ஆரம்பித்துவிடும். சுவர் சாக்கெட்டில் செருகி ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் விட்டுவைத்தார்கள். மறுநாள் மாலை மூடிகளைத் திறந்து, இரண்டு செல்களில் இறங்கியிருந்த அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார் பெரியவர். ஊற்றும்போது பேட்டரி பக்கத்தில் தீப்பொறி கூடாது, ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்று மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மருமகன் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

டிரெய்லரின் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தாத்தா சொல்லச் சொல்லப் பேத்தி தமிழில் எழுதியது. எழுத்துப் பிழைகளை அம்மாச்சி திருத்தியிருக்கிறார்.

ஜெனரேட்டர் 20 அடி தள்ளி. புகை காற்றோடு போகணும், நம்மகிட்ட வரக்கூடாது. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே. பெரிய கேபிளை மாட்டு, கிளிப் ஒயர் வேண்டாம். காலையில் ஏத்துறது தான் நல்லா ஏறும். ராத்திரி ஹீட்டர் 16. வீட்டுக்கு வந்ததும் முழுசா ஏத்து. எது எவ்வளவு எடுக்குதுன்னு தெரியலைன்னா மீட்டர் வச்சுப் பாரு, நீயா நினைச்சுக்காதே.

கடைசி வரி பேத்தி தானாகச் சேர்த்தது, சிவப்பு மையில்: அம்மாச்சி மெஷினை யாரும் நிறுத்தக்கூடாது. அம்மாச்சியும்.